தடுத்த கை காத்ததா?

"எவருக்கும் படைக்கலம் விற்காதீர்!" — இதைவிட நல்ல கட்டளை உலகிலே இருக்க முடியுமா? போரை வெறுப்போர் கேட்ட மாத்திரத்திலே கை தூக்குவர். நாமும் தூக்கியிருப்போம். பீரங்கி விற்றுப் பிழைப்பவன் பிழைப்பிலே மண் விழட்டும், பிள்ளை பெற்றவள் வயிற்றிலே பால் வார்க்கட்டும் என்று வாழ்த்தியுமிருப்போம். 1991-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை அப்படியொரு கட்டளையைத்தான் பிறப்பித்தது. தீர்மானத்தின் எண் 713. உடைந்து சிதறிக் கொண்டிருந்த யூகோஸ்லாவியாவின் எந்தப் பகுதிக்கும், எந்த நாடும், எவ்விதப் போர்க்கருவியும் அனுப்பலாகாது என்றது அது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை.

யூகோஸ்லாவிய அரசின் இசைவும் அதற்கு இருந்தது. அங்கேதான் நமக்கு ஐயம் பிறக்கிறது. களஞ்சியம் நிரம்பி வழிகிறவன், "இனிச் சந்தையிலே எவரும் நெல் விற்கக் கூடாது" என்ற சட்டத்துக்கு இசைவு தந்தால், அவனைத் தியாகி என்றா போற்றுவோம்? யூகோஸ்லாவியப் படை ஐரோப்பாவின் பெரிய படைகளுள் ஒன்று. டாங்கியும் பீரங்கியும் அதனிடம் மலையெனக் குவிந்திருந்தன. துப்பாக்கி செய்யும் ஆலைகளும் சொந்தத்தில் இருந்தன. அந்தப் படையின் கடிவாளம் அப்போதே பெல்கிரேடின் கைக்குப் போய்க் கொண்டிருந்தது. வெளியிலிருந்து வாங்க வேண்டிய தேவை யாருக்கு இல்லையோ, அவரைத் தடை என்ன செய்யும்?

மறு ஆண்டு பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சு முதல் நாளிலும் போஸ்னியா-ஹெர்சகோவினாவிலே பொது வாக்கெடுப்பு நடந்தது. முஸ்லிம்கள் நூற்றுக்கு 44 பேர், செர்பியர் 31 பேர், குரோஷியர் 17 பேர் என்று கலந்து வாழ்ந்த நாடு அது. செர்பியருள் பெரும்பாலோர் வாக்களிக்காது ஒதுங்கி நின்றனர். வாக்களித்தோர் தனிநாடு வேண்டுமென்றனர். ஏப்ரலிலே ஐரோப்பிய சமூகமும் அமெரிக்காவும் அதனை ஏற்றன. மே 22-ஆம் நாள் அது ஐ.நா.வின் உறுப்பு நாடாயிற்று. கொடி வந்தது, இருக்கை வந்தது, பெயர்ப்பலகை வந்தது. கூடவே, பாட்டன் பட்ட கடன் பிறந்த குழந்தையின் தலையிலே ஏறுவதுபோல, அந்நாடு பிறக்குமுன்பே விதிக்கப்பட்ட தடையும் வந்து ஒட்டிக் கொண்டது.

அதே மே மாதத்திலே யூகோஸ்லாவியப் படை போஸ்னியாவை விட்டு விலகிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. விலகியது பெயர், தங்கியது பீரங்கி. போஸ்னியச் செர்பியப் படை என்ற புதுப்பெயரில், ராட்கோ மிளாடிச் என்ற தளபதியின் கீழ், அதே டாங்கிகளோடு, போஸ்னியாவிலே பிறந்த அதே வீரர்களோடு அது அங்கேயே நின்றது. எதிரே நின்ற அரசிடம் இருந்தவை காவல்துறையின் துப்பாக்கிகளும், ஊர்க்காவல் படையினரிடம் எஞ்சியிருந்த சில்லறைக் கருவிகளும், எதிரியிடமிருந்து பிடுங்கியவையுமே. சரயேவோ நகரைச் சுற்றியுள்ள குன்றுகளிலே பீரங்கிகள் ஏறி அமர்ந்தன. 1992 ஏப்ரலில் தொடங்கிய அந்த முற்றுகை 1996 பிப்ரவரி வரை, 1,425 நாட்கள் நீடித்தது. தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் செத்தனர், ரொட்டிக்கு நின்றவர்கள் செத்தனர், பிணம் புதைக்கப் போனவர்களும் செத்தனர்.

"இரு சாராருக்கும் ஒரே விதி, நாங்கள் நடுநிலையாளர்" என்றன வல்லரசுகள். நடுநிலை! நல்ல சொல்தான். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். துலாக்கோலை உவமையாகவும் காட்டினார். ஆனால் துலாக்கோலின் பெருமை, அது எடைபோடும் முன்னே தன்னைத் தான் சமமாக நிறுத்திக் கொள்வதிலே இருக்கிறது. ஒரு தட்டிலே முன்கூட்டியே பாறாங்கல்லை வைத்துவிட்டு, "இனி இரண்டு தட்டிலும் எவரும் எதையும் வைக்காதீர்" என்று காவல் நிற்பவனை நடுவன் என்போமா? சமமற்றவர்கள்மீது சமமாக விதிக்கப்படும் விதி, சமமின்மைக்கே பூட்டுப் போடுகிறது. வகுப்புரிமைக்கு வாதாடி வளர்ந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஐ.நா. சாசனத்தின் 51-ஆம் பிரிவு, தாக்கப்படும் நாட்டுக்குத் தற்காப்பு உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமை எவரும் அளித்த கொடையன்று. இயல்பாய் உள்ளது என்றே சாசனம் பேசுகிறது. பாதுகாப்பு அவை அமைதியைக் காக்கத் தேவையான நடவடிக்கை எடுக்கும் வரையில் அது நீடிக்கும் என்றும் அதே பிரிவு சொல்லுகிறது. உரிமை ஏட்டிலே இருந்தது. கருவியோ சட்டப்படி கடலைத் தாண்டக் கூடாது. அவை எடுத்த நடவடிக்கை என்ன? காக்கவில்லை, தடுத்தது, தடுத்ததையே நடவடிக்கை என்று எண்ணிக் கொண்டது.

இவ்விடத்திலேதான் நேசநாடுகளுக்குள் நெருடல் தொடங்கிற்று. 1993 சனவரியில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான பில் கிளிண்டன், போஸ்னியாவுக்கு மட்டும் தடையை நீக்குவோம், கருவி போய்ச் சேரும்வரை வானிலிருந்து தாக்கிச் செர்பியப் பீரங்கிகளை அடக்குவோம் என்ற திட்டத்துக்கு வந்தார். மே மாதத்திலே அவருடைய அயலுறவு அமைச்சர் வாரன் கிறிஸ்டோபர் அத்திட்டத்தைத் தூக்கிக் கொண்டு ஐரோப்பியத் தலைநகரங்களிலே வலம் வந்தார். லண்டன் மறுத்தது. பாரிஸ் மறுத்தது. செர்பியரிடம் பரிவு கொண்டிருந்த மாஸ்கோவைக் கேட்கவே வேண்டாம். வந்தவர் வற்புறுத்தினாரா என்றால் அதுவுமில்லை. நண்பர்கள் கருத்தைக் கேட்கவே வந்தேன் என்பதுபோலக் கேட்டார், மறுப்பைப் பெற்றார், ஊர் திரும்பினார். அடுத்த மாதம் 29-ஆம் நாள் பாதுகாப்பு அவையிலே தடைநீக்கத் தீர்மானம் வந்தது. அமெரிக்கா, பாகிஸ்தான், மொராக்கோ, வெனிசுலா, ஜிபுட்டி, கேப் வெர்டி ஆகிய 6 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவர் ஒருவருமில்லை! 9 நாடுகள் நடுநிலை என்று கையை மடியிலே வைத்துக் கொண்டன. நிறைவேற 9 வாக்குகள் வேண்டும், தீர்மானம் வீழ்ந்தது. எதிர்ப்பே இல்லாமல் ஒரு கோரிக்கையைச் சாகடிக்கலாம் என்பதை அன்று உலகம் கண்டது.

மறுத்தவர்களின் வாதத்தை நாம் எள்ளி நகையாடிவிட்டுப் போகமுடியாது. அதிலே கனம் இருந்தது. பிரிட்டனும் பிரான்சும் ஐ.நா. அமைதிப்படைக்கென ஆயிரக்கணக்கான வீரர்களைப் போஸ்னியாவுக்கு அனுப்பியிருந்தன. அமெரிக்காவோ அங்கே தரைப்படை அனுப்பவில்லை. அந்த வீரர்கள் காவல்நின்ற வண்டிகளிலே மாவும் மருந்தும் போயின. அவற்றால் உயிர் பிழைத்தோர் உண்டு. தடையை நீக்கினால் செர்பியர் அந்த வீரர்களைப் பிடித்துவைப்பர், வண்டிகள் நிற்கும், பட்டினி பெருகும், புதுக் கருவி வந்துசேரும் முன்பே செர்பியப் படை முழுமூச்சாகப் பாயும் என்றனர். 1993-இல் முஸ்லிம்களும் குரோஷியரும் தமக்குள்ளேயே மோதிக் கொண்டிருந்தனர். கொடுக்கும் துப்பாக்கி எத்திசை நோக்கிச் சுடும் என்பதற்கு எவரும் உறுதி கூற முடியாது என்றனர். அதுவும் மெய். போஸ்னிய அரசின் படையினரும் கொடுமைகள் புரிந்ததுண்டு. பிரிட்டனின் அயலுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட், தடைநீக்கத்தால் கிடைப்பது சமமான கொலைக்களமே என்னும் பொருள்படக் கூறினார்.

கூர்மையான பேச்சு, ஆனால் அதை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். சமமான கொலைக்களம் தீது என்றால், சமமற்ற கொலைக்களம் அதனினும் நன்றோ? களத்தை இல்லாது ஒழிப்பதற்கு அவர் வழி கூறியிருந்தால் நாம் தலைவணங்குவோம். கூறவில்லை. களம் இருக்கட்டும், கொலை ஒருபுறமாக நடக்கட்டும், அதுவே விரைவில் முடியும் என்ற எண்ணம் அச்சொல்லின் அடியிலே ஒளிந்து கிடக்கிறது. தமது வீரருக்கு ஆபத்து என்றது உண்மையான கவலைதான். ஆனால், காக்க அனுப்பிய வீரனே காக்கப்பட வேண்டிய பொருளாகி, அவனைக் காப்பதற்காக அவன் காக்கப் போன மக்களின் கையைக் கட்டி வைப்பது என்ன முறை?

இன்னொரு வாதமும் அந்நாளில் மேலைநாட்டு அமைச்சர்கள் நாவிலே நடமாடிற்று. "பால்கன் நாடுகளிலே இது பழம்பகை, நூற்றாண்டுக் கணக்காய் இப்படித்தான், எவரும் ஒன்றும் செய்வதற்கில்லை" என்பது. கேட்டதும் நமக்கு நம் ஊர்ப் புராணிகரின் குரல் நினைவுக்கு வராதா? விதி, வினைப்பயன், அவன் தலையெழுத்து! காவியும் கமண்டலமும் இல்லாமல், கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து வந்தால் தலைவிதி வாதம் அரசியல் ஞானம் ஆகிவிடுமோ? சரயேவோவைக் காத்த படையின் துணைத்தளபதி ஜோவன் திவ்யாக், பிறப்பால் செர்பியர். தம் நகரின் மேல் குண்டு வீசியவர்கள் தம் இனத்தார் என்பதற்காக அவர் அணி மாறவில்லை. பழம்பகை இரத்தத்திலே ஊறியது என்போர் அவருக்கு என்ன விளக்கம் தருவர்? பகையை மூட்டியவர்கள் பெயரும் முகவரியும் உள்ள மனிதர்கள்; கட்டளையிட்டவர்கள் சிலர் பின்னர் ஹேக் நகரிலே குற்றவாளிக் கூண்டிலும் நின்றனர்.

அமெரிக்காவைப் போற்றுகிறோமா என்றால், அதுவுமில்லை. தன் பிள்ளை களத்திலே இல்லாதவனுக்கு வீரம் பேசுவது எளிது. "அவர்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள், அவர்களே பார்த்துக் கொள்ளட்டும்" என்பதிலே நீதியும் உண்டு, நழுவலும் உண்டு. தரைப்படை அனுப்பமாட்டேன் என்ற முடிவிலிருந்தே அந்தக் கொடையுள்ளம் பிறந்தது. ஐரோப்பாவோ, எங்கள் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களே என்பதைக் காட்டித் தடையை நீட்டித்தது. வாஷிங்டன் சொல்லும்: நாங்கள் நீக்கத் தயார், நண்பர்கள் விடவில்லை. லண்டன் சொல்லும்: நாங்கள் காக்கத் தயார், ஆனால் அமெரிக்கா ஆளனுப்பவில்லை. ஒருவர் குறை மற்றவருக்குக் கேடயம்! நேசத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை இருவருக்கும் உண்டு. அந்த நேசத்துக்கு விலை கொடுத்தவன் எந்தக் கூட்டணியிலும் இல்லாத சரயேவோக்காரன்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலுமில்லை. 1936 சூலையில் ஸ்பெயின் நாட்டுக் குடியரசுக்கெதிராகப் பிராங்கோவின் படை கிளம்பியபோது, பிரிட்டனும் பிரான்சும் 'தலையிடாமை' என்றொரு உடன்படிக்கையைக் கொண்டுவந்தன. இட்லரும் முசோலினியும் அதிலே கையெழுத்திட்டனர். கையெழுத்திட்ட பேனாவின் மை உலருமுன்னே பிராங்கோவுக்கு விமானமும் படையும் அனுப்பினர். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு தன் பொன்னைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்கவும் அண்டை நாடு கதவடைத்தது.

மூடிய கதவுக்குப் புறவாசல் முளைக்காமல் இருக்குமா? 1993-ஆம் ஆண்டு நடுவிலே சரயேவோ மக்கள் விமான நிலையத்துக்கு அடியிலே சுமார் 800 மீட்டர் நீளச் சுரங்கம் தோண்டினர். மேலே விமான நிலையம் ஐ.நா. படையின் பொறுப்பிலே, கீழே மண்ணுக்குள் குனிந்து குனிந்து மாவு மூட்டையும் துப்பாக்கியும் தூக்கிச் செல்லும் குடிமக்கள். 1994 ஏப்ரலிலே குரோஷியத் தலைவர், ஈரானிலிருந்து வரும் கருவிகள் தம் நாட்டின் வழியே போஸ்னியாவுக்குப் போக இசையலாமா என்று அமெரிக்கத் தூதரைக் கேட்டார். "எனக்கு அறிவுரை எதுவும் வரவில்லை" என்ற பொருளிலே விடை கிடைத்தது. அப்படிச் சொல்லுமாறுதான் மேலிடத்து அறிவுரை! எந்த ஈரானைத் தன் பகை நாடென்று அமெரிக்கா ஊரெங்கும் முழங்கிற்றோ, அதே ஈரானின் சரக்கு போவதைக் கண்டும் காணாதது போலிருந்தது. இது நேச நாடுகளுக்குக் கூடச் சொல்லப்படவில்லை; 1996-இல் செய்தித்தாள்களிலே அம்பலமாயிற்று. இதற்கிடையே, 1994 நவம்பர் 12 முதல், ஆட்ரியாட்டிக் கடலிலே நேட்டோ கப்பல்கள் நடத்திய தடைக்காவலில் போஸ்னியாவுக்குச் செல்லும் கருவிகளைத் தடுப்பதை அமெரிக்கா நிறுத்திற்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கட்டாயம் அது. ஒரே கடல், ஒரே கூட்டணி. ஒரு கப்பல் மறிக்கும், பக்கத்துக் கப்பல் முகத்தைத் திருப்பிக் கொள்ளும். ஐரோப்பியர் கொதித்தனர். நேட்டோவுக்குள் இத்தகைய பிளவு சூயசு நெருக்கடிக்குப் பிறகு அரிதாகவே கண்டது.

இனி ஸ்ரெப்ரெனிட்சா. 1993 ஏப்ரல் 16-இல் பாதுகாப்பு அவை அந்தச் சிற்றூரைக் 'காக்கப்பட்ட பகுதி' என்று அறிவித்தது. ஊருக்குள்ளிருந்தோர் ஆயுதங்களை ஐ.நா. படையிடம் ஒப்படைக்க வேண்டுமென்று ஏற்பாடு. எல்லாவற்றையும் அவர்கள் ஒப்படைக்கவில்லை. வெளியே சென்று தாக்கி வந்ததுமுண்டு. சுற்றிநின்ற படையும் விலகவில்லை. ஆயினும் கனத்த கருவிகள் போயின, நம்பிக்கை மட்டும் கையிலே மிஞ்சிற்று. நீலத் தொப்பி அணிந்த டச்சு வீரர் சில நூற்றுவர், இலகுவான கருவிகளோடு அங்கே நின்றனர். 1995 சூலை 11-ஆம் நாள் மிளாடிச்சின் படை ஊருக்குள் நுழைந்தது. அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 8,000 ஆடவரும் சிறுவரும் கொல்லப்பட்டனர். இனப்படுகொலை என்று யூகோஸ்லாவியாவுக்கான குற்ற நடுவர்மன்றமும், பிறகு 2007-இல் அனைத்துலக நீதிமன்றமும் தீர்ப்பளித்தன.

அதன் பிறகே அமெரிக்க நாடாளுமன்றம் பொங்கி எழுந்தது. சூலை 26-இல் செனட் 69-க்கு 29 என்றும், ஆகஸ்ட் 1-இல் கீழவை 298-க்கு 128 என்றும் தடையைத் தன்னளவில் நீக்கும் சட்டத்தை நிறைவேற்றின. இரண்டாண்டுக்கு முன் தடைநீக்கம் கோரிய அதே கிளிண்டன் ஆகஸ்ட் 11-இல் அதனைத் தள்ளுபடி செய்தார்! ஏன்? நாம் தனித்து நீக்கினால் நண்பர்களின் படை போஸ்னியாவிலிருந்து விலகும். விலகும்போது துணைக்கு நம் வீரர் போகவேண்டும் என்று வாக்களித்திருக்கிறோம் என்பது காரணம். ஆகஸ்ட் 28-இல் சரயேவோச் சந்தையிலே குண்டு விழுந்து பலர் மாண்டபின், 30-ஆம் நாள் நேட்டோ விமானங்கள் கிளம்பின. மூன்று வாரம். மூன்றரை ஆண்டாக முடியாது, முடியாது என்று சொல்லப்பட்ட காரியத்தின் பெரும்பகுதி மூன்று வாரத்திலே முடிந்தது. அதற்குமுன் குரோஷியப் படையும் போஸ்னியப் படையும் தரையிலே வலுப்பெற்றிருந்ததும் துணை செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. புறவாசல் வழியாக வந்த கருவிக்கும் அதிலே பங்குண்டு.

"அப்படியானால், ஆயுத வணிகனுக்கு நீங்களும் வக்காலத்தா?" என்று அமைதி விரும்பும் தோழர் கேட்கக் கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். நிறவெறி அரசுக்கு ஆயுதம் விற்காதீர் என்று பாதுகாப்பு அவை 1963-இல் வேண்டுகோளாகவும், 1977 நவம்பர் 4-இல் கட்டாயக் கட்டளையாகவும் சொன்னது. அந்தத் தடையை நாம் கைதட்டி வரவேற்கிறோம். காரணம், அது பீரங்கி பிடித்த ஆதிக்கக்காரன் கையைத் தடுத்தது, அடிபட்டவன் கையையன்று. தடை என்பது கத்தி போன்றது; யார் கழுத்திலே படுகிறது என்பதைப் பார்க்காமல் அதனை நல்லது என்றோ தீயது என்றோ சொல்லிவிட முடியாது. அந்த 1977 கட்டளைக்கு முன் ஆண்டுக்கணக்கிலே தயங்கிய மேலைத் தலைநகரங்கள்தாம், 1991-இல் ஒரே மூச்சிலே யூகோஸ்லாவியத் தடைக்குக் கை தூக்கின என்பதையும் குறித்துக் கொள்வோம்.

போஸ்னியாவைப் பொறுத்த மட்டிலே, தடை விதித்ததே குற்றம் என்றுகூட நாம் வாதாட வேண்டியதில்லை. 1999 நவம்பரிலே ஐ.நா. தலைமைச் செயலாளர் கோஃபி அன்னான் ஸ்ரெப்ரெனிட்சா பற்றி அளித்த அறிக்கை இதனைத் தெளிவாகவே பேசிற்று. தடை படைவலுவின் ஏற்றத்தாழ்வை உறையவைத்தது, செர்பியரை மேலோங்கிய நிலையிலே நிறுத்தியது, போஸ்னியாவின் தற்காப்பு உரிமையை நடைமுறையிலே பறித்தது என்றது. விதித்தது தவறாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, ஆனால் விதித்தபின் அந்நாட்டைக் காக்கும் கடமை உடன் வந்திருக்க வேண்டுமே என்ற கருத்தையும் வைத்தது. சிறையிலே அடைத்தவன் சோறு போட வேண்டும் என்பதைப் போன்ற நேர்மை அது. லண்டன் சொன்னபடி தடை நீடித்திருக்கலாம், விமானங்கள் 1992-லேயே கிளம்பியிருந்தால். வாஷிங்டன் சொன்னபடி தடை நீங்கியிருக்கலாம். இரண்டிலே ஒன்று நடந்திருந்தாலும் போஸ்னியனுக்கு ஒரு வழி இருந்திருக்கும். இரண்டு நண்பர்களும் பாதி பாதியாக நல்லவர்களாக இருந்ததிலே அவன் முழுதாகக் கைவிடப்பட்டான்.

டச்சு அரசு, ஸ்ரெப்ரெனிட்சா பற்றிய ஆய்வறிக்கை வெளிவந்ததும், 2002 ஏப்ரலில் பதவி விலகிற்று. லண்டனிலோ பாரிசிலோ வாஷிங்டனிலோ எந்த அமைச்சரவையும் இதற்காக விலகியதில்லை.

1995 நவம்பர் 21-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரிலே அமைதி உடன்படிக்கைக்கு முதல் ஒப்பம் இடப்பட்டது. மறுநாளே, நவம்பர் 22-இல், தடையைப் படிப்படியாக நீக்கும் தீர்மானம் பாதுகாப்பு அவையிலே நிறைவேறிற்று. எந்த நேச நாடும் மறுக்கவில்லை. 1996-இல் அமெரிக்கா போஸ்னியப் படைக்குப் பயிற்சியளித்துக் கருவி வழங்கும் திட்டம் ஒன்றையே தொடங்கிற்று. டாங்கிகளும் கவச வண்டிகளும் கப்பலிலே வந்து இறங்கின. சரயேவோவைச் சுற்றிய குன்றுகளிலே அப்போது பீரங்கி இல்லை.